இக்கேயாவா, ஐகியாவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2018-ல் ஹைதராபாத்தில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்த ஸ்வீடன் மரச்சாமான் நிறுவனத்தை (IKEA) நாம் ‘ஐகியா’ என்றே எழுதிவருகிறோம். அது அமெரிக்கர்கள் சொல்லும் விதம். ஸ்வீடனில் ‘இக்கேயா’தான்.

1943-ல் அதைத் தொடங்கியபோது இங்வர் காம்ப்ராடுக்கு வயது 17. தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளோடு, தான் வளர்ந்த எல்ம்தாரிட் பண்ணை, அதையடுத்த ஊரான அகுன்னாரிட் இரண்டின் முதலெழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர் அது. ஒரு பையன் தன் ஊரையே பெயருக்குள் பொதிந்து வைத்திருக்கிறான். அதை வேறொரு நாட்டு உச்சரிப்பில் நாம் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. படிப்பவர் தனக்குத் தெரிந்தபடி சொல்லிக்கொள்வார். தமிழில் அப்படியில்லை. நீங்கள் அச்சிடுவதைத்தான் பிள்ளைகள் அப்படியே வாசிப்பார்கள். அதனால் தமிழ் நாளிதழுக்குப் பொறுப்பு கூடுதல் என்றே நினைக்கிறேன்.

‘ஐகியா’ எல்லோருக்கும் பழகிவிட்டதே என்று கேட்கலாம். சரி, ‘இக்கேயா’ பழகும்வரை ‘ஐகியா’வை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். முதலில் ‘இக்கேயா’ என்று அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை