லோகோ பார்த்தோம், ஆனால்

அன்பு மகளுக்கு,

உன் மருத்துவ ஆப் கம்பெனிக்காக நீ அனுப்பிய மூன்று லோகோவையும் பார்த்தோம். அம்மாவுக்குப் பச்சை நிறத்தில் இருப்பது பிடித்திருக்கிறது. எனக்கு மூன்றுமே நன்றாகத்தான் தெரிகின்றன. ஆனால் அன்றைக்குப் போனில், "ஜனங்க மனசுல நம்ம பேரு எப்படிப்பா நிக்கும்?" என்று கேட்டாயே, அதற்கான பதில் லோகோவில் இல்லை. போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

திருமங்கலத்தில் நம் மருந்துக்கடைக்கு வரும் சுகர்காரர்களை நினைத்துப் பார். ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டை நீட்டி, "அஞ்சு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணே" என்பார்கள். கையில் காசு வந்த பிறகுதான் மீதி. காலையும் ராத்திரியும் போட வேண்டியதைக் காலையில் மட்டும் போட்டு அட்டையை இழுத்துப் பிடிப்பவர்களும் உண்டு. டாக்டர் திட்டுவார் என்று அவரிடம் சொல்ல மாட்டார்கள், என்னிடம் சொல்வார்கள். உன் ஆப் "மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்றுதான் அழுத்துவார்கள். அதற்குப் பதிலாக "கையில் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது?" என்று கேட்கச் சொல். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உண்மையான பதில் வரும். தீரப்போகிறது என்று தெரிந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, அதையும் சொல். உன் கம்பெனிக்கு இதில் ஒரு பைசா வராது. இருந்தாலும் சொல்ல வேண்டும். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

நம் ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கைகளாலேயே ஆபரேஷன் செய்த மனிதர். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கிராமத்துக் கேம்பில், கண்ணில் புரை இருக்கிறது, ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, போகிற கூலி, துணைக்கு வர ஆள் இதெல்லாம் யார் தருவார்? அதைப் புரிந்துகொண்டு பஸ்ஸையும் சாப்பாட்டையும் சேர்த்தே ஏற்பாடு செய்தார்கள். புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி இங்கேயே செய்து, விலையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக்கினார்கள்.

அப்புறமும் ஒரு குறை இருந்தது. 1999-ல் வந்த ஓர் ஆய்வில், கண் பிரச்சினை இருந்த கிராமத்தவர்களில் கேம்புக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான் என்று தெரிந்தது. 2004 முதல் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே அரவிந்தின் சிறு கண் மையங்கள் வந்தன. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதிக்கிறார்கள், தொலைவில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பேசுகிறார். யார் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த வீடியோ வந்தது. நீ எந்தக் கருவியைச் செய்தாலும் இந்த வரிசையை மாற்றாதே.

மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சுகரால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்க கூகுள் ஒரு ஏஐ செய்தது. அதற்குப் பயிற்சி கொடுத்த படங்களில் அரவிந்தின் படங்களும் உண்டு. பரிசோதனையில் நன்றாகத் தேறியது. தாய்லாந்து கிளினிக்குகளுக்குப் போனதும், அறை வெளிச்சம் சரியில்லாமல் ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. தள்ளப்பட்ட நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்கு இன்னொரு நாள் அலைய வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். நீ எந்த மெஷினை வைப்பதாக இருந்தாலும், அந்த அறையில் நர்ஸ் பக்கத்தில் போய் முதலில் உட்கார்.

இன்னொன்று, இங்கே பல வீடுகளில் ஸ்மார்ட்போன் பேரன் கையில்தான் இருக்கும். ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை அதற்கு அனுப்பினால் வீடே படிக்கும். யாருடைய நம்பர், யார் பார்க்கலாம் என்று அவளிடமே கேட்க வேண்டும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் வாங்கச் சொல்கிறது, சரிதான். ஆனால் புரியும்படி வாய்விட்டுக் கேட்பது உன் வேலை.

முதலீட்டாளர்கள் எத்தனை டவுன்லோடு என்று கேட்பார்கள். அதைக் கொடு. கூடவே, எத்தனை பேருக்கு மூன்று மாதச் சராசரி சுகர் இறங்கியது, எத்தனை பேர் நடுவில் நின்றுபோனார்கள், ஏன் நின்றார்கள் என்பதையும் அதே பக்கத்தில் போடு. கேட்காவிட்டாலும் போடு.

பொங்கல் முடிந்ததும் ஓரிரண்டு நாள் கூடுதலாக லீவு போட்டு வா. ஆப் எழுதுகிற பசங்களையும் கூட்டிக்கொண்டு வா. காலையில் கடையில் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதைக் கேட்கட்டும். தமிழ் மெசேஜ்களை அதற்கு முன்பே அனுப்பி வை. கடைக்கு வருகிற நாலு பேரிடம் வாசித்துக் காட்டி, புரியாததை அடித்து அனுப்புகிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா