கிளாஸ்கோ இங்கிலாந்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் '2026 காமன்வெல்த் போட்டி இங்கிலாந்தின் கிளாஸ்கோ நகரில்' என்று போட்டிருக்கிறீர்கள். கிளாஸ்கோ ஸ்காட்லாந்தில் இருப்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் போட்டியில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனித்தனி அணி. உங்கள் கணக்குப்படி இங்கிலாந்து அணி சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வரப்போகிறது!

பதினோரு வருஷம் கிளாஸ்கோவில் வேலை பார்த்தவன் நான். போன புதிதில் தெருமுனைக் கடையில் பால் வாங்கும்போது, "இங்கிலாந்தில் குளிர் ஜாஸ்தி" என்று வாயை விட்டேன். கடைக்காரப் பாட்டி மீதிச் சில்லறையை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டு, "இங்கிலாந்துக்குப் போக சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறணும்" என்றார். ஊரிலிருந்து அத்தை அனுப்பும் வடகப் பொட்டலத்தில் 'கிளாஸ்கோ, இங்கிலாந்து' என்றுதான் இருக்கும். தபால்காரர் அதைப் பேனாவால் அடித்து 'ஸ்காட்லாந்து' என்று எழுதிக் கொடுப்பார். அத்தைக்கு எண்பது வயது, விட்டுவிட்டேன். உங்களை எப்படி விடுவது?

ஆங்கிள் என்ற கூட்டத்தார் குடியேறிய நிலம் என்பதுதான் இங்கிலாந்து என்ற பெயருக்கே அர்த்தம். 1707இல் ஸ்காட்லாந்தோடு இணைந்த பிறகு நாட்டின் பெயர் கிரேட் பிரிட்டன். இன்றைக்கு வட அயர்லாந்தையும் சேர்த்து ஐக்கிய இராச்சியம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தப் பெயர் சர்வசாதாரணமாக வருகிறது. நமக்குத்தான் வாயில் நுழையவில்லை.

போன வருஷம் கால்டுவெல்லை 'இங்கிலாந்து தந்த அறிஞர்' என்றீர்கள். அவர் பிறந்தது அயர்லாந்தில், படித்தது கிளாஸ்கோவில். அவர் வாழ்ந்த இடையன்குடியில் கேட்டாலே சொல்வார்கள். சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே அந்தக்கால சென்னை கவர்னர் மன்றோ, அவரும் கிளாஸ்கோக்காரர்தான். அப்போதும் கடிதம் எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. அந்த நன்றிக்கு நன்றி.

நெல்லூர்க்காரரையும் நெல்லைக்காரரையும் ஒன்றாக்கி வடக்கே 'மதராஸி' என்று சொன்னால் நமக்கு எப்படிப் பொத்துக்கொண்டு வருகிறது! அதைக் கண்டித்து நீங்களே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

சரி, போனது போகட்டும். வருகிற ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். பொடி எழுத்தில் என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை