ஆறு பாட்டில்தான் மாப்ள

அஸ்தம்பட்டி, சேலம்
டிசம்பர் 8

டேய் மாப்ள,

ரெண்டு மாசமா பதில் போடலைன்னு திட்டி எழுதியிருந்தே. நியாயமான திட்டு, வாங்கிக்கிட்டேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மா உன்னை விசாரிச்சாங்க. முழங்கால் வலி அப்படியே இருக்கு. இனி விஷயம்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு பெட்டி நிறைய பெல்ஜியம் பீர் கொண்டு வந்து, ஏற்காட்டில் வச்சு எது பெஸ்ட்டுன்னு தீர்ப்பு சொல்லப்போறியாமே. பெட்டியெல்லாம் ஆகாது. தீர்வை கட்டாம நீ கொண்டு வரக்கூடியது 2 லிட்டர். உங்க ஊர் பாட்டில் 330 மில்லி. ஆறு பாட்டிலுக்கு 1,980 மில்லி, கணக்கு கச்சிதம். ஏழாவதையும் எடுத்துட்டு வந்து, ஆத்தூர் பஸ்ல பேசின மாதிரி கஸ்டம்ஸ்ல பேசிக்கிட்டு நிக்காதே.

ஆறும் எதுன்னு நானே சொல்லிடறேன். ஓர்வால் ரெண்டு, ரோஷ்ஃபோர் 10 ரெண்டு, வெஸ்ட்மால் டிரிப்பெல் ரெண்டு. வெஸ்ட்விலெட்டரன் 12 வாங்க அதைக் காய்ச்சற துறவிங்க மடத்துக்கே போகப்போறேன்னு பெருமையடிச்சிருந்தே. உலகத்துலயே சிறந்ததுன்னு பட்டியல் போடறவங்க அதை அடிக்கடி உச்சியில வைக்கிறது உண்மைதான். என்னைக் கேட்டா, அதுல பாதி சுலபமாக் கிடைக்காததோட ருசி. ரோஷ்ஃபோர் 10லயும் அதே உலர்ந்த திராட்சை, அத்திப்பழ வாசம் இருக்கு. ஆல்கஹால் 11.3 சதவீதம். அலையாம வாங்கலாம்.

ஓர்வால்ல மட்டும் தேதி பார்த்து வாங்கு. பாட்டில்ல அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ்ங்கிற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறாங்க. அது உள்ளேயே உட்கார்ந்து மிச்சச் சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். புதுசுல ஹாப்ஸ்ங்கிற பூவோட கசப்பும் மணமும் தூக்கும். ஆறு மாசம் போனா கசப்பு அடங்கி, தோல் செருப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி ஒரு வாசம் வரும். நம்ம கட்டைப் பய முகத்தைச் சுளிப்பான், சுளிக்கட்டும். ஒண்ணு புதுசு, ஒண்ணு ஆறு மாசத்துக்கு மேல, ரெண்டையும் பக்கத்துல வச்சுக் குடிச்சாத்தான் ஒரே பீர் எப்படி ரெண்டாகுதுன்னு தெரியும். மூணு வகையுமே பாட்டிலுக்குள்ள ஈஸ்ட்டோட வர்றது. வந்து சேர்ந்ததும் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வச்சுடு. ஊத்தும்போது கையை நிறுத்தாம ஒரே ஓட்டமா ஊத்தி, அடியில ஒரு விரக்கடை பாட்டில்லயே விட்டுடு. கலங்கினா ருசி மாவு மாதிரி ஆயிடும்.

நான் உன்கூட சண்டை போட வந்த இடம் இதுதான். எல்லாத்தையும் ஐஸ் பெட்டியில போட்டுக் கொண்டு போகலாம்னு எழுதியிருக்கே. பெல்ஜியத்துல, அந்த லூவன்ல இத்தனை வருஷம் இருந்து என்னத்தடா கத்துக்கிட்டே? லாகர்னு நம்ம ஊர்ல விக்கிற சாதா பீருக்கு 4, 5 டிகிரி சரி. ரோஷ்ஃபோரை அந்தக் குளிர்ல குடிச்சா நாக்கு மரத்து, சாராய நெடி மட்டும்தான் மிஞ்சும். அதுக்கு 12லேர்ந்து 14 டிகிரி வேணும். ஜனவரி ராத்திரி ஏற்காடு எத்தனை டிகிரின்னு உனக்கே தெரியும். 1,500 மீட்டர் உயரத்துல ஊரே நமக்கு நிலவறை. சாயங்காலம் ஜன்னல் திண்டுல வச்சா போதும். விடிஞ்சதும் வெயில் படறதுக்குள்ள உள்ளே எடுத்துடணும். வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் கசப்பு சிதைஞ்சு கந்தக நாத்தம் அடிக்கும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காப்பாத்தும், பச்சையும் வெள்ளையும் காப்பாத்தாது.

உள்ளூர் சரக்கு என் பொறுப்பு. கிங்ஃபிஷரா வேறயான்னு நம்ம சேர்மன் பய கத்திக்கிட்டிருக்கான். பேரைவிட லேபிள்ல இருக்கிற தயாரிப்புத் தேதிதான் முக்கியம்னு சொன்னா காதுல ஏறலை. பீர் காய்ச்சறவங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க: 32 டிகிரியில 3 நாள், 22 டிகிரியில 30 நாள், 3 டிகிரியில 300 நாள், மூணுலயும் பீர் ஒரே அளவுக்குக் கிழடாகும். சேலத்து சித்திரை வெயில்ல ஒரு வாரம் கிடந்த பாட்டிலுக்கு என்ன ஆயிருக்கும்னு நீயே போட்டுப் பார். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்தா அதுதான். அப்புறம் ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் போனது போனதுதான். அதனால முந்தின மாசத் தேதி போட்ட எந்த லாகரும், ஆறு மாசமான பெரிய பேரைவிட மேல்.

குளிர வைக்க ஃப்ரீசர் வேண்டாம், மறந்தா வெடிக்கும். வாளியில ஐஸ் போட்டு, பாட்டில் கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி, ரெண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டா கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸ்னா இடையில காத்து நிக்கும், லேசுல குளிராது.

பிளாஸ்டிக் டம்ளர் பேச்சே எடுக்காதே. கண்ணாடி கிளாஸை ஆப்பசோடாவுல கழுவி, கவிழ்த்து வச்சுக் காய விடு, துணியால துடைக்காதே. ஊத்தினப்புறம் குமிழி பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு நின்னா கிளாஸ்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்குன்னு அர்த்தம், நுரையும் நிக்காது. இதனாலதான் தட்டுவடை செட்டைத் தின்ன வாயோட குடிச்சா நுரை பொசுக்குன்னு அடங்குது. அந்தக் காரச் சட்னிக்குக் கசப்பான பீரும் ஆகாது, எரிச்சல் ஏறும். ஹூகார்டன் மாதிரி கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கோதுமை பீர் ஒத்துப் போகும்.

இப்ப விளையாட்டை விடு. காலையில ஏறி சாயங்காலமே இறங்கிடலாம்னு சேர்மன் சொல்றான், நீயும் சரின்னிருக்கே. எனக்கு அது ரெண்டு நாளா உறுத்துது. ‘பீர்தானே’ங்கிறான். 7.5 சதவீதம் ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில்ல 38 கிராம் ஆல்கஹால் இருக்கு. 30 மில்லி பிராந்தியில 10 கிராம். அதாவது ஒரு பாட்டில் கிட்டத்தட்ட நாலு ஸ்மால். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும், ஒரு பாட்டில் இறங்கவே அஞ்சு மணி நேரம். உன் ரோஷ்ஃபோர் சின்ன பாட்டிலே 29 கிராம். சட்டம் விடறது 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். சட்டத்தை விடு, 20 கொண்டை ஊசி வளைவு, ராத்திரி மூடுபனி, எதிர்ல பஸ். நம்ம பச்சைப் பயலோட வீட்டுக்கு நாம எல்லாரும் போய் நின்ன நாள் உனக்கு மறந்திருக்காது.

அதனால ராத்திரி மேலேயே தங்கறோம். அறை பார்த்துட்டேன், ரெண்டு கட்டில், ரெண்டு பாய். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுத்தான் இறக்கம், வண்டி ஓட்டறவன் கட்டை. அவன் டாக்டர் சொன்னதிலேர்ந்து தொடறதில்லை, வாசம் மட்டும் பார்க்கிறேங்கிறான். இதுக்கு ஒத்துக்கலைன்னா பாட்டிலை அங்கேயே வச்சுட்டு வா. சேர்மன்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, ‘ராஜாஜி 1937ல மதுவிலக்கை மொதல்ல போட்டதே நம்ம ஜில்லாவுலதான், அந்தப் புத்தி உனக்கு விடலை’ன்னு ஆரம்பிச்சுடுவான்.

டிக்கெட் தேதி எழுது. ஓப்பனர் மறக்காதே, கட்டையோட முன்பல் இப்ப ஒட்டவச்சது.

உன்,
மொட்டை