அட்டை வந்ததும் கோரிமேட்டில் இறங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகள் முகாம் நடந்தால் பத்திரிகையில் வரும் படம் எப்போதும் ஒன்றுதான்: மூன்று சக்கர வண்டியும் காதொலிக் கருவியும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கொடுக்க வேண்டியதுதான். வண்டியில் ஏறி எந்த வேலைக்குப் போவது என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. படிப்புக்கும் வேலைக்கும் உதவிகள் இருக்கின்றன. ஆனால் அவை மருத்துவமனை, வேலைவாய்ப்பு அலுவலகம், வங்கி, சென்னை கிண்டி என்று சிதறிக் கிடக்கின்றன. எதற்குப் பிறகு எது என்று தெரியாததால், ஏற்காடு மலையில் உள்ள மாரமங்கலத்திலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வருகிறவர்கள் வெறுங்கையோடு மலையேறுகிறார்கள். அந்த வரிசை ஒரு முறை அச்சில் வரட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

தொடக்கம் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை. பழைய அடையாள அட்டைப் புத்தகம் கையில் இருந்தாலும் இந்த 18 இலக்க எண் வேண்டும். மத்திய அரசுத் திட்டங்கள் பலவும் இது இல்லாமல் நகராது. இ-சேவை மையத்தில் பதியலாம், சொந்தக் கைபேசியிலும் பதியலாம். ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு, பழைய மருத்துவச் சான்று இருந்தால் அதன் நகல், இவ்வளவுதான். சிக்கல் வருவது இனிஷியலில். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். ஆதாரைப் பள்ளிச் சான்றுப்படி திருத்திவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் பின்னால் வரும் அலைச்சல் எல்லாம் மிச்சம். இன்னொன்று கைபேசி எண். அவசரத்தில் கடைக்காரர் எண்ணையே போட்டுவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும். ஆறு மாதம் கழித்து உங்கள் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்கக்கூட அவரைத் தேடிப்போக வேண்டும்.

சேலத்தில் மருத்துவப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே போகும்போது ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சலுகைகளுக்குச் சான்றில் 40 சதவீதக் குறைபாடு வேண்டும். கால் குறைபாடு 30, காது குறைபாடு 25 என்று இருக்கிற ஒருவர், இரண்டுமே 40-க்குக் கீழ் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார். திரும்ப வேண்டியதில்லை. மத்திய அரசின் மதிப்பீட்டு விதியில் இரண்டையும் சேர்க்க ஒரு சூத்திரம் உண்டு. பெரிய எண்ணை 90-லிருந்து கழிக்க வேண்டும், மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும், வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். 90-ல் 30 போனால் 60. அதை 25-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 16.67. அதோடு 30 சேர்ந்தால் 46.67. ஆள் தகுதி பெற்றுவிட்டார். ஆனால் எலும்புப் பிரிவில் காட்டியவர் காது பிரிவில் காட்டாவிட்டால் அந்தச் சின்ன எண்ணே இருக்காது. என்னென்ன குறை இருக்கிறதோ அத்தனையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 2024-ல் திருத்திய விதிப்படி 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டைக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். தற்காலிகச் சான்று கொடுத்திருந்தால் அதன் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தேர்வு முடிவு வந்து சான்று சரிபார்க்கும் நாளில் காலாவதியாகியிருந்தால் யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள்.

அட்டை வந்தால் முடிந்தது என்று பலரும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்து போக வேண்டியது கோரிமேடு. ஏற்காடு மெயின் ரோட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அஸ்தம்பட்டி வரை வருவதற்கு முன்பே வந்துவிடும். பதிவை ஆன்லைனில் செய்யலாம். ஏற்கெனவே பதிந்தவர்கள், மாற்றுத்திறனாளி என்ற விவரம் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் பொது வரிசையில்தான் நிற்பீர்கள். 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க மறந்தால் பதிவுமூப்பு போகும்.

அந்தப் பதிவால் முதலில் கிடைக்கக்கூடியது வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. மற்றவர்கள் பதிவு செய்து 5 ஆண்டு காத்திருக்க வேண்டும், குடும்ப வருமானத்துக்கும் வரம்பு உண்டு. மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு போதும், வருமான வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் 2 என்றால் 750, பட்டம் என்றால் 1,000. மற்றவர்களுக்கு 3 ஆண்டு தருவதை இவர்களுக்கு 10 ஆண்டு தருகிறார்கள். தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கிறவர்களுக்குக் கிடையாது, அஞ்சல் வழியில் படித்தால் உண்டு. பொறியியல், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கும் கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். நின்ற பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரிகிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சான்றில் உள்ள சதவீதம் உடம்பில் எது இல்லை என்று சொல்கிறது. எந்த வேலை செய்ய முடியும் என்பதை அளக்க வேறு இடம் இருக்கிறது. சென்னை கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில்சேவை மையம் அது. விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் வி.ஆர்.சி. (தொழில்சார் மறுவாழ்வு மையம்) என்றுதான் சொல்வார்கள். கட்டணம் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, விரல் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது, கருவியை எந்தக் கையால் பிடிக்க வருகிறது, மனம் எதில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்தத் தொழில் ஒத்துவரும் என்று சொல்வார்கள். பயிற்சியும் வேலைக்குப் பரிந்துரையும் அங்கேயே உண்டு.

அந்த முறையில் ஒரு பகுதியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 2021 ஜனவரியில் மத்திய அரசு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று 3,566 வகைப் பணிகளின் பட்டியலை வெளியிட்டது. ஒவ்வொரு பணிக்கும் எதிரே சில எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் உட்கார்ந்து செய்வது, எஸ்.டி. நின்று செய்வது, டபிள்யூ நடை, பி.என். குனிவது, எல் தூக்குவது, எம்.எஃப். விரல் வேலை, எஸ்.இ. பார்வை, எச் கேட்பது, சி பேசுவது. இதே எழுத்துகளை நம் ஊர்த் தொழில்களுக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்டேட்டில் பழம் பறிக்க நடை, குனிவு, தூக்குதல் எல்லாம் வேண்டும், அதுவும் சரிவில். அதே காப்பிக்கொட்டையைக் கொட்டகையில் உட்கார்ந்து தரம் பிரிக்க எஸ், எம்.எஃப்., எஸ்.இ. மூன்று போதும். சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோப்பதும் அப்படித்தான். காது கேட்காதவருக்கும் கால் வராதவருக்கும் அதில் தடை இல்லை. கால் முடியாதவர் என்றால் பெட்டிக்கடை, காது கேளாதவர் என்றால் தையல் என்று முன்கூட்டியே முடிவு கட்டுகிற பழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்வதால் வருகிற கோளாறு இது.

ஐ.டி.ஐ. சேருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எந்தக் குறைபாடு உள்ளவர் சேரலாம் என்பது ஒவ்வொரு டிரேடின் (தொழிற்பிரிவின்) பாடத்திட்டத்திலும் முன்பக்க அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது. கலந்தாய்வுக்குப் போகும்முன் அதைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று டிரேடு எடுத்தால் ஒர்க்‌ஷாப்பில் முதல் வாரமே தெரிந்துவிடும்.

ஆலையில் விபத்தில் கை போனவர்கள் விஷயம் தனி. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தவருக்கு ஊனப் பலன் கிடைக்கும் என்பது ஓரளவு தெரிந்திருக்கிறது. தொழில்சார் மறுவாழ்வுக்கும் இ.எஸ்.ஐ. பணம் தரும் என்பது தெரியவில்லை. வேலையில் ஏற்பட்ட காயத்தால் 40 சதவீதமாவது ஊனம், வயது 45-க்கு மேற்படாதவர் என்றால், வி.ஆர்.சி. பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 123 ரூபாய் அல்லது மையம் வாங்கும் கட்டணம், எது கூடுதலோ அது கிடைக்கும். இதற்கெல்லாம் அடிப்படை விபத்து அறிக்கை. ஜவ்வரிசி ஆலையோ நூற்பாலையோ, “ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கறோம்” என்று நிர்வாகம் சொல்லும்போது குடும்பம் நெகிழ்ந்துபோய் அறிக்கையைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. செலவை யார் பார்த்தாலும் சரி, அறிக்கை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அரசு ஊழியராக இருந்து பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால், 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு: 9-ம் வகுப்பு முதல் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாணவர் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்வி நிலையத்தில் அதற்கென உள்ள பொறுப்பாளர் கம்ப்யூட்டரில் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அது நடக்காமல் கெடு முடிந்து செத்துப்போகும் விண்ணப்பங்கள்தான் அதிகம். விண்ணப்பித்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். உயர்கல்வியில் 5 சதவீத இடமும் வயதில் 5 ஆண்டு தளர்வும் சட்டத்தில் உண்டு. போட்டித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொண்டால் மணிக்கு 20 நிமிடம் கூடுதல், அதாவது 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுதுவதில் சிரமம் இருந்தும் 40 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2022 ஆகஸ்டில் இந்தச் சலுகைக்கு வழி பிறந்தது.

சுயதொழில் கடன் பற்றிச் சுருக்கமாக. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளி சிறப்புப் பிரிவில் வருவார்: சொந்தப் பணம் 5 சதவீதம், மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25. கிராமத்தில் 3 லட்சத்துக்குத் தொழில் என்றால் நீங்கள் போடுவது 15,000, மானியம் 1,05,000. இந்த மானியம் கைக்கு வராது. 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து கடனில் கழியும். மானியம் வந்ததும் கட்டிவிடலாம் என்று வெளியில் வட்டிக்கு வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஆண்டுக்கு இரண்டு நாள், மருத்துவக் குழு, காது பரிசோதனைக் கருவி, கோரிமேட்டு அலுவலகப் பதிவு, கிண்டி மையத்திலிருந்து மதிப்பீட்டாளர்கள், எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். கிண்டிக்குப் போய்வர ஒருவருக்குத் துணையோடு இரண்டு நாள் போகிறது. மதிப்பீட்டாளர் நாலு பேர் மலையேறினால் அந்தச் செலவு நூறு வீட்டுக்கு மிச்சம். நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும் தேதி வைக்க வேண்டாம். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம், யாரும் வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
மறுவாழ்வுப் பணியில் உள்ள சிலர்,
ஏற்காடு.