திரை வாங்கும் முன் அறையைப் பார்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது வாசலில் நின்றபடியே பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். மூத்தவள் சேலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மாடி அறையைத் திரையரங்காக்கப் போகும் செய்திதான் என்னை இந்த நேரத்தில் பேனாவை எடுக்க வைத்தது. 150 அங்குலத் திரை, அதுவும் கடைக்காரர் காட்டிய கருஞ்சாம்பல் நிறத் திரை என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டாய். முன்பணம் கொடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறு.

புரொஜெக்டரால் எந்த நிறத்தையும் காட்ட முடியும், கறுப்பைத் தவிர. கறுப்பு ஒளியை வீச எந்தக் கருவியாலும் ஆகாது. படத்தில் நீ பார்க்கும் இரவும் நிழலும் கூந்தலும் ஒளி படாமல் விட்ட இடங்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சமோ, வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோ விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். ஆகவே திரை எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது உன் அறையின் சுவரும் கூரையும்தான். இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள், அவர்கள் சுவர் விற்பதில்லை.

நான் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போன வருடம் ஓர் இரவு, திரைக்கு முன்னால் உள்ள கூரைப்பகுதியில் ஆறடி நீளத்துக்குக் கறுப்புத் துணியைக் குண்டூசியால் குத்தி வைத்துவிட்டு, முந்தைய நாள் பார்த்த அதே காட்சியை மறுபடி ஓட்டினேன். இருட்டுக்குள் ஒருவர் விளக்கைக் கையில் பிடித்து நடந்து வரும் காட்சி. முதல் நாள் அவருக்குப் பின்னால் வெறும் மங்கல்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு தூணும், தூணில் சாய்த்து வைத்த உலக்கையும் தெரிந்தன. திரையும் அதே திரை, புரொஜெக்டரும் அதே புரொஜெக்டர். துணிக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்.

உனக்குக் காட்டிய அந்தச் சாம்பல் திரை கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. விளக்கு எரியும் கூடத்தில், திரைக்கு அடியிலேயே மேசைமேல் வைக்கும் குறுந்தொலைவுப் புரொஜெக்டருக்காகச் செய்தது அது. அதன் பரப்பில் ரம்பப் பல் போல நுண்ணிய வரிகள் இருக்கும். கீழிருந்து வரும் ஒளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பும், மேலிருந்து வரும் ஒளியை விழுங்கும். நீயோ புரொஜெக்டரைக் கூரையில் தொங்கவிடப் போகிறாய். அப்படியானால் விளக்கு வெளிச்சத்தோடு உன் படத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். மாடி அறையில் மேற்கே பார்த்த ஒரே ஜன்னல்தானே? தடித்த திரைச்சீலை போட்டு அதை அடை. சுவருக்கு அடர்ந்த மங்கல் நிறம் பூசு. கூரைக்கு வெள்ளை வேண்டாம். பிறகு சாதாரண மேட், அதாவது பளபளப்பில்லாத, வெள்ளைத் திரை போதும்.

திரையில் 'கெயின்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மெக்னீசியம் கார்பனேட் என்ற வெள்ளைக் கட்டியில் பட்டுத் திரும்பும் ஒளியை 1.0 என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டுச் சொல்வது அது. 1.8 என்று போட்டிருந்தால் கூடுதலாக ஒளியை உண்டாக்குகிறது என்று பொருளில்லை. பக்கவாட்டில் போக வேண்டியதைப் பிடுங்கி நடுவில் இருப்பவருக்குக் கொடுக்கிறது. நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்றுதான். நடுவில் உட்கார்ந்த எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்த என் மனைவிதான், "வலது பக்கம் ஏன் இருட்டாக இருக்கிறது?" என்று கேட்டாள். எழுந்து போய் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. அம்மாவும் பேரப்பிள்ளைகளும் பாய் விரித்து எங்கெங்கோ உட்காரும் வீட்டுக்கு 1.0-ஐத் தாண்டாதே.

அந்தத் திரையில் இன்னொரு கோளாறும் இருந்தது. சுருட்டி இழுக்கும் வகை அது. முதல் கோடையிலேயே இரு ஓரங்களும் உள்வாங்கி, நடுவில் மெல்லிய அலை விழுந்துவிட்டது. அசையாத படத்தில் தெரியாது. கிரிக்கெட்டில் கேமரா மைதானத்தைச் சுற்றித் திரும்பும்போது பார்க்க வேண்டும், எல்லைக்கோடு அந்த இடத்துக்கு வந்ததும் நெளிந்து, தாண்டியதும் நேராகும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். உனக்குத் தனி அறை இருக்கிறது, சுருட்டி மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய நிலைத்திரை வாங்கு. மோட்டாரை மறந்துவிடு. சட்டத்தில் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் கறுப்பு வெல்வெட் இருக்கட்டும், ஓரத்தில் சிந்தும் ஒளியை அது குடித்துவிடும்.

அளவு விஷயத்தில் உன்னோடு சண்டை போடத் தயாராக இருக்கிறேன். 150 அங்குலம் என்பது மூலைக்கு மூலை. அகலம் ஏறக்குறைய 11 அடி. உன் சுவரே 12 அடிதான், ஸ்பீக்கர்களை எங்கே வைப்பாய்? 120 அங்குலம் என்றால் அகலம் 8 அடி 9 அங்குலம், உயரம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்தால் பார்வையில் 40 பாகை அளவுக்குப் படம் நிறையும். அதற்குமேல் அம்மாவின் கழுத்துக்கு ஆகாது.

வெளிச்சக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. புரொஜெக்டர் வீசும் மொத்த ஒளியைச் சொல்லும் லூமென் எண்ணைத் திரையின் சதுர அடியால் வகுத்து, கெயினால் பெருக்கினால் கிடைப்பது ஃபுட்-லாம்பர்ட், திரை எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பதன் அளவு. டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுத்திருக்கும் அளவு 14. பெட்டியில் எத்தனை லூமென் எழுதியிருந்தாலும், நிறம் ஒழுங்காக வரும்படி வைத்தால் அதைவிட நன்றாகக் குறையும். உன்னுடையது 1000 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 120 அங்குலத் திரைக்கு 43 சதுர அடி, 23 கிடைக்கும். 150-க்கு 67 சதுர அடி, 15-தான். விளக்கின் ஆயுள் என்று அவர்கள் சொல்வதே ஒளி பாதியாகக் குறையும்வரை உள்ள காலம். அப்படியானால் மூன்று நான்கு வருடம் கழித்து 150 அங்குலத்தில் நீ பார்க்கப்போவது ஏழு. சின்னதாகவும் பளிச்சென்றும் இருக்கும் படம் எத்தனையோ மேல்.

நம் ஊர் டென்ட் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட்டுக்குக் காசில்லாத நாட்களில் திரைக்குப் பின்பக்கம் கீற்றை விலக்கிப் பார்ப்போமே, கத்திச்சண்டையில் எல்லோரும் இடதுகையால் சுழற்றுவார்கள், எழுத்தெல்லாம் திரும்பி ஓடும். நமக்கு அது கிடைத்ததற்குக் காரணம் வெறும் ஒற்றை வேட்டித் துணி. பின்பக்கம் நமக்கு வந்த ஒளி, முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைக்காமல் போன ஒளி. நல்ல திரைக்கு முதுகில் கறுப்புப் பூச்சு இருப்பது இதற்காகத்தான். மாதிரித் துண்டு வந்ததும் அதைப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்.

டவுன் தியேட்டரில் ஆப்பரேட்டர் ஒருநாள் நம்மைத் திரைக்குப் பக்கத்தில் அழைத்துப்போய்க் காட்டினாரே, முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. பேசுபவரின் வாயிலிருந்தே குரல் வர வேண்டும் என்று ஸ்பீக்கரைப் பின்னால் வைத்திருந்தார்கள். வீட்டுக்கும் அப்படி வருகிறது, ஆனால் கொஞ்சம் ஒளி போகும். உனக்கு அது வேண்டாம், நடு ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில் வைத்துக்கொள்.

திரையின் வடிவம் 16:9, அதாவது அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு, இருக்கட்டும். 1973-இல் 'ராஜராஜ சோழன்' தமிழுக்குச் சினிமாஸ்கோப்பைக் கொண்டு வந்தது. அந்த அகலப் படங்களுக்கு உன் திரையில் மேலும் கீழும் 7 அங்குலம் சும்மா கிடக்கும். அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இருபக்கமும் ஓரடி. கிரிக்கெட் முழுத்திரையையும் நிரப்பும். மூன்றில் எதிலும் படம் வெட்டுப்படாது.

எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரு சாண் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, இரவில் சுவரில் ஒட்டி, அதன்மேல் அம்மாவுக்குப் பிடித்த படம் ஒன்றை ஓட்டு. முகங்களைப் பார். நெற்றியின் வெளிச்சத்திலிருந்து கன்னத்தின் நிழலுக்கு இறங்கும் சாம்பல் படிகள் எல்லாம் தெரிகின்றனவா என்று அம்மாவையே கேள். இப்போது அவர்கள் கண் நம் இருவர் கண்ணையும் விடக் கூர்மை.

மாசி கடைசியில் தென்காசி வருகிறேன். என்னிடம் மூன்று துண்டுகள் இருக்கின்றன, கொண்டு வருகிறேன். அதற்குள் தரையிலிருந்து கூரைவரை உயரத்தையும், சுவிட்சுப் பெட்டி சுவரில் எங்கே இருக்கிறது என்பதையும் அளந்து எழுது. திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் வர வேண்டும், சுவிட்சுப் பெட்டி இடையில் வந்தால் எலக்ட்ரீஷியனை முன்கூட்டியே அழைக்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அன்பன்,
ராமநாதன்