பாலம் தாண்டப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அத்தையைப் பார்க்க சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் பஸ்ஸில் போகப் போவதாகச் சொன்னாய். இதுவரை விமானத்தில்தான் நாடு விட்டு நாடு போயிருக்கிறாய். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் அப்பாவுக்குப் பழகிய வழி அது, அதனால்தான் எழுதுகிறேன்.

குவீன் ஸ்திரீட்டில் 170ஆம் எண் பஸ்ஸில் ஏறு. தேக்காவிலிருந்து, அதாவது லிட்டில் இந்தியாவிலிருந்து, நடந்தே போய்விடலாம். சிங்கப்பூர் எல்லையிலிருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்குவார்கள். முதல் தடவை போகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். பையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிடாதே. பஸ் உனக்காக நிற்காது. குடிநுழைவு முடித்துக் கீழே வந்தால் 170க்கு என்று தனி வரிசை இருக்கும், அடுத்து வருவதில் ஏறிக்கொள். வந்த பஸ் போய்விட்டதே என்று பதற வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். கூட்டம் ஓடும். நீ ஓடாதே அம்மா, படிகளில் விழுந்துவிடுவாய்.

இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலம் ஒரு கிலோமீட்டர்தான். 1924இல் திறந்தது. ஓரமாகப் போகும் பெரிய குழாய்களைப் பார். ஜொகூர்த் தண்ணீர் சிங்கப்பூருக்கு வருவது அவற்றில்தான்.

அந்தப் பக்கம் போனதும் மறுபடி பையோடு இறங்க வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை, போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அதை இன்றே பார்த்துவை. கவுண்டரில் முத்திரை குத்தினால், நகர்வதற்கு முன் தேதியைச் சரிபார். பின்னால் நிற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். திரும்பும்போது தெரிந்தவரே ஆனாலும் யாருடைய பொட்டலத்தையும் வாங்கி வராதே. போதைப்பொருளுக்குச் சிங்கப்பூரில் தூக்குத்தண்டனை வரை உண்டு. கூச்சப்படாமல் முடியாது என்று சொல்லிவிடு. சூயிங்கமும் வேண்டாம்.

ஞாயிறு சாயங்காலம் பாலம் நிறைந்துவிடும், மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடு. போகும் அன்று அத்தை, ஜொகூர் பாருவில் 170 போய் நிற்கும் லார்க்கின் பஸ் நிலையத்துக்கு வந்து நிற்பாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு போன் போடு, எந்நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா