பென்சில் வட்டத்துக்கு வெளியே ஒரு டம்ளர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வலிக்குப் பயந்து படுத்துவிடப் போகிறார்கள், பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் விடுதிக்குப் போய்விட்டாள். ராத்திரியில் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. அதனால்தான் மறுபடியும் நாவல் பக்கம் போயிருக்கிறேன்.

அப்படிப் படித்த ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்னைப் பாடாய்ப்படுத்திவிட்டது. புத்தகத்தைத் தனியாக அனுப்புகிறேன். முடிவை இப்போதே சொல்லிவிடப் போகிறேன். அது தெரிந்து படிப்பதால் உனக்கு எந்த நஷ்டமும் இல்லை.

கதாநாயகி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் படும். அப்படிப்பட்டவளின் வீட்டில் பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பிக்கின்றன. எதுவும் தொலைந்து போவதில்லை, நகர்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தில் வைத்த அடையாளத் துண்டு இரண்டு பக்கம் தள்ளி இருக்கிறது. சுவரில் தொங்கும் படம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. யாரிடம் போய் இதைச் சொல்வாள்? ஒருநாள் மேஜையில் இருக்கும் டம்ளரின் அடியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வெளியே போகிறாள். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் அந்த வட்டத்துக்கு ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது. அடுத்த அத்தியாயத்தில் டம்ளர் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் வட்டத்தைக் காணோம். மேஜை விளிம்பில் ரப்பர் துகள் மட்டும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய் எங்கள் வீட்டுக் கதவைத் தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பொய் சொல்லவில்லை.

கணவன் நல்லவனாகத்தான் வருகிறான். தினமும் காலையில் "ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று கேட்கிறான். முதல் தடவை அது அக்கறை. ஐந்தாவது தடவை கேட்கும்போது நமக்குக் கை சில்லிட்டுப் போகிறது. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. இப்படி எழுதத் தெரிந்த ஒருவர் கடைசி நாற்பது பக்கத்தை ஏன் அப்படி எழுதினார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

திடீரென்று ஒரு மனநல மருத்துவர் வருகிறார். பக்கம் பக்கமாகப் பேசுகிறார். எல்லாவற்றையும் நகர்த்தியது அவளேதானாம். அவளுக்குள் இன்னொருத்தி இருக்கிறாளாம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொன்றதும் அந்த இன்னொருத்திதானாம். முடிந்தது கதை. அப்படியென்றால் அவள் மூன்று நாள் வெளியூரில் இருந்தபோது நகர்ந்த பொருள்கள்? பதில் இல்லை. அந்த ஓட்டையையாவது மன்னித்துவிடலாம். இருநூறு பக்கம் "நான் சொல்வதை நம்புங்கள்" என்று கதறிய ஒருத்தியை, கடைசியில் "நம்பாதவர்கள் சொன்னதுதான் சரி" என்று ஆசிரியரே கைவிட்டுவிட்டாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த நோயைப் பற்றியாவது தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். பல ஆளுமைக் கோளாறு என்று இருந்த பெயரையே 1994இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் மாற்றிவிட்டார்கள். பெரும்பாலும் சின்ன வயதில் அனுபவித்த கொடுமையோடு தொடர்புடையது அது. அந்த நோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தங்களையே காயப்படுத்திக்கொள்வதுதான் அதிகம். எந்தப் பூட்டுக்கும் பொருந்தும் கள்ளச்சாவியாக அவர்களுடைய வேதனையைக் கதைக்காரர்கள் இன்னும் எத்தனை காலத்துக்குப் பயன்படுத்துவார்கள்?

ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைப்பதை 'கேஸ்லைட்டிங்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள் இல்லையா? அந்தச் சொல் வந்ததே பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய நாடகத்திலிருந்துதான். அதை வைத்து 1944இல் வந்த, இங்க்ரிட் பெர்க்மன் மனைவியாக நடித்த படத்தை நாம் சேர்ந்து பார்த்தது உனக்கு நினைவிருக்கும். கணவன் மாடியில் திருட்டுத்தனமாக விளக்கேற்றி நகையைத் தேடும்போதெல்லாம் கீழே அவள் அறையில் கேஸ் விளக்கு மங்கும். அவளோ தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் ஒருநாள் போலீஸ் அதிகாரி அந்த அறையில் இருக்கும்போது விளக்கு மங்கும், அவரும் அதைப் பார்ப்பார். குற்றவாளி யார் என்பது நமக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, ஆனாலும் அந்தக் காட்சியில் நாம் இரண்டு பேரும் அழுதோம். வேறொரு கண்ணும் அதைப் பார்த்துவிட்டது, அது போதும் அவளுக்கு. இந்த நாவலில் அப்படி ஒரு கண்ணுக்காகத்தான் கடைசிப் பக்கம் வரை காத்திருந்தேன்.

ஹிட்ச்காக் 1958இல் எடுத்த 'வெர்டிகோ'விலும், படம் முடிய இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே ரகசியத்தை நமக்குச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் படம் நெஞ்சைப் பிடிக்கும். இந்த ஆசிரியரும் "நகர்த்துவது கணவன்தான்" என்று நடுவிலேயே சொல்லியிருந்தால், மிச்சப் பக்கங்களை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்திருப்பேன். கடைசி நிமிடத்தில் நம்மைத் திகைக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் அவளை பலி கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். விடுதியில் மூன்றாம் வருடம், உன் டைரியை யாரோ எடுத்துப் படிக்கிறார்கள் என்று நீ சொன்னாயே. ரிப்பன் முடிச்சு மாறியிருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். பரீட்சை பயத்தில் ஏதோ உளறுகிறாய், போய்த் தூங்கு என்றேன். இரண்டு மாதம் கழித்து அறைத்தோழி அவளாகவே ஒப்புக்கொண்டாள். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த ரப்பர் துகளைப் படித்தபோது எனக்கு உன் ரிப்பன்தான் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு மாதம் நீ தனியாக எப்படி இருந்திருப்பாய் என்பது இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. உன்னை நம்பாமல் போனதற்கு என்னை மன்னித்துவிடு.

புத்தகத்தில் மருத்துவர் உள்ளே நுழைவதற்கு முந்தின பக்கத்தில் ஒரு காகிதம் செருகியிருக்கிறேன். அதோடு நிறுத்திக்கொள். டம்ளரை நகர்த்தியது யார் என்று உனக்குத் தோன்றுவதை எழுது. நான் நம்புகிறேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

உன்
பழைய அறைக்காரி